பழைய அப்ரைட் வாக்குவம் கிளீனர்: எந்தப் பெடல் எதற்கு?

கையேடு இல்லாமல் ஒரு பழைய அப்ரைட் (நின்றபடி கைப்பிடியால் தள்ளும்) வாக்குவம் கிளீனர் கைக்கு வந்தால், உடனே பிளக்கைச் செருகி ஓட்டிப் பார்க்கத்தான் தோன்றும். அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அதில் இருக்கும் பெடல், நாப், கொக்கி, மூடி எல்லாவற்றின் வேலையையும் மின்சாரம் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் தொடங்கி மேலே வர வேண்டும். எந்த விசையாக இருந்தாலும் அது காற்றின் பாதை, பிரஷ், மோட்டார், கைப்பிடி ஆகியவற்றில் ஒன்றோடுதான் தொடர்பு வைத்திருக்கும்.

நம் வீடுகளில் யூரோகிளீன் மூலம் பழகியது தரையில் உருண்டு வரும் உருளை வகை. அதில் பை தூசியைப் பிடித்துக்கொண்ட பிறகே காற்று மோட்டார் பக்கம் போகும். ஹூவர், கிர்பி போன்ற பழைய அப்ரைட்களில் இது தலைகீழ். தூசியும் காற்றும் சேர்ந்து முதலில் விசிறிக்குள் நுழைகின்றன, விசிறி அவற்றைப் பைக்குள் தள்ளுகிறது. ஒரு நாணயமோ திருகாணியோ உள்ளே போனால் விசிறியின் இதழ் உடைவதும், இயந்திரம் ஓடும்போது பை பலூன் போல உப்புவதும் இதனால்தான்.

முதலில் பெயர்த் தகடு

தகடு பெரும்பாலும் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ இருக்கும். மாடல் எண், தொடர் எண், வோல்ட், வாட் அல்லது ஆம்பியர் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு ஒரு படமும் எடுத்துவையுங்கள். பெல்ட், பை, பிரஷ் எது வாங்கப் போனாலும் மாடல் எண் இல்லாமல் நடக்காது.

ஊர்ப் பெயர் மிகவும் உதவும். நார்த் கேன்டன், ஒஹாயோ என்று இருந்தால் அது அமெரிக்க ஹூவர். ஏறக்குறைய 115 வோல்ட்டுக்குச் செய்தது. பெரிவேல், மிடில்செக்ஸ் என்று இருந்தால் பிரிட்டிஷ் ஹூவர். 200 வோல்ட்டுக்கு மேல் என்று எதிர்பார்க்கலாம். ஊரை வைத்து முடிவு செய்துவிடாமல், தகட்டில் அச்சிட்ட எண்ணையே நம்புங்கள்.

ஆண்டு தெரியாவிட்டால் தகட்டில் உள்ள அமெரிக்கக் காப்புரிமை எண்களைப் பாருங்கள். 20,00,000 என்ற எண் 1935-இலும், 30,00,000 என்ற எண் 1961-இலும் வழங்கப்பட்டன. பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தால் இயந்திரம் 1935-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இது கீழ் எல்லையை மட்டும்தான் சொல்லும். ஒரே தகட்டைப் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்த மாடல்கள் உண்டு.

வடிவமும் காலத்தைச் சொல்லும். ஹூவரின் 700 மாடல் 1926-இல் வந்தது. கம்பளத்தைத் தட்டித் தூசியைக் கிளப்பும் உலோகப் பட்டைகள், பிரஷ் பொருத்திய சுழலும் உருளையான ரோலரில் இடம்பெற்றது அதில்தான். 1936-இல் ஹென்றி டிரைஃபஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வடிவமைத்த 150 மாடல் பேக்கலைட் (பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) மூடியும் மக்னீசிய உடலும் கொண்டது. மக்னீசிய உடல் என்று தெரிந்தால் கிரைண்டரையோ உலர்ந்த உப்புத்தாளையோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தூள் தீப்பற்றக்கூடியது.

கவிழ்த்துப் பாருங்கள்

பழைய பையில் இருக்கும் தூசியை வீட்டுக்குள் கொட்ட வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே காலி செய்யுங்கள். பிறகு ஒரு பழைய போர்வையை விரித்து, இயந்திரத்தை மூக்குப் பகுதி (பிரஷ் இருக்கும் முன்பகுதி) உங்களைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

பிரஷ்ஷை மூடியிருக்கும் அடித்தட்டை இரண்டு கிளிப்புகளோ ஒரு நெம்புகோலோ பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் ரோலர், பெல்ட், மோட்டார் தண்டின் நுனி மூன்றும் கண்ணில் படும். ரோலரைக் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். பெல்ட் எந்தப் பக்கம் முறுக்கி மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பிறகு நினைவில் வைத்து மாட்ட முடியாது.

பல மாடல்களில் மோட்டார் தண்டும் ரோலரும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் தட்டைப் பெல்ட் கால் சுற்று முறுக்கிக்கொண்டுதான் ஓடும். முறுக்கை எதிர்ப்பக்கம் போட்டால் ரோலர் தலைகீழாகச் சுற்றும். சரியாக ஓடும் ரோலரின் தரைப்பக்கம் முன்னிருந்து பின்னாக, அதாவது பின் சக்கரங்களை நோக்கி நகரும். அப்போது இயந்திரம் கம்பளத்தின் மீது தானாக லேசாக முன்னே இழுக்கும். தள்ளவே முடியாமல் உங்கள் பக்கமே திரும்பி வந்தால் முறுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். அடித்தட்டிலோ பெல்ட் பக்கத்திலோ ஒரு அம்புக்குறி பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுத் தேடுங்கள்.

பழைய பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் நீண்டு தளர்ந்திருக்கும். தளர்ந்த பெல்ட் வழுக்கும்போது தண்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் படியும், ரப்பர் கருகும் வாடை வரும், ரோலர் கம்பளத்தைத் தொட்டதும் நின்றுவிடும். பழைய பெல்ட்டின் நீளத்தை அளந்து அதே அளவில் வாங்குவது தவறு, அது ஏற்கெனவே நீண்டது; மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். கைக்குக் கிடைத்த குட்டைப் பெல்ட்டை இழுத்து மாட்டினால் பேரிங் சூடாகித் தேயும்.

ரோலரின் இரு முனைகளிலும் சுற்றியிருக்கும் முடி, நூலையெல்லாம் வெட்டி எடுங்கள். கையால் சுழற்றிவிட்டால் சில சுற்றாவது தடங்கலில்லாமல் ஓட வேண்டும். பிரஷ் தேய்மானத்துக்கு ஒரு எளிய சோதனை: அடித்தட்டை மாட்டிய பிறகு, திறப்பின் குறுக்கே தடித்த அட்டையின் விளிம்பை வைத்து ரோலரைச் சுழற்றுங்கள். பிரஷ்ஷின் தூவிகள் அட்டையை உரசாவிட்டால் பிரஷ் ஆயுள் முடிந்தது. சில ரோலர்களில் முனைத் தகடுகளைத் திருப்பிப் பிரஷ்ஷைச் சற்றுக் கீழே இறக்கும் வசதி இருக்கும். அதையும் பார்த்துவிட்டுப் புதியதைத் தேடலாம்.

பிறகு டார்ச் அடித்து விசிறியைப் பாருங்கள். தண்டைக் கையால் திருப்பும்போது இதழ்கள் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா, எதையாவது உரசுகின்றனவா என்று கவனியுங்கள். ஒரு இதழ் உடைந்திருந்தாலும் சமநிலை கெட்டு, வேகம் எடுத்ததும் இயந்திரம் அதிரும். கழற்ற வேண்டியிருந்தால் விசிறியின் மரை இடது மரையா (எதிர்ப்பக்கம் திருப்பினால் கழலும் மரையா) என்று முதலில் பாருங்கள். வழக்கமான பக்கம் திருகி அழுத்தம் கொடுத்து மரையை நாசமாக்கியவர்கள் ஏராளம்.

பெடல்களும் நாப்களும்

பின்பக்கம் இருக்கும் பெடல் பெரும்பாலும் கைப்பிடியை விடுவிப்பது. கைப்பிடிக்கு வழக்கமாக மூன்று நிலைகள்: நேராகப் பூட்டி நிறுத்துவது, சாய்த்து ஓட்டுவது, கட்டிலுக்கு அடியில் போகத் தரையோடு படுக்கவைப்பது. பெடலை மிதித்துக்கொண்டே கைப்பிடியை மெல்ல இறக்குங்கள். எங்கெங்கே பிடிக்கிறது என்று கைக்குத் தெரியும். சில மாடல்களில் பின்பக்கப் பெடல்தான் ஆன் ஆஃப் ஸ்விட்ச். வித்தியாசம் சுலபம்: ஸ்விட்ச் 'டிக்' என்று குதித்து நிற்கும், கைப்பிடிப் பெடல் ஸ்பிரிங்கில் திரும்பி வரும்.

முன்பக்கமோ மூடியின் மேலோ இருக்கும் பெடல், நெம்புகோல், நாப் ஆகியவை பெரும்பாலும் உயரத்துக்கானவை. இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அதை அசைத்தபடி சக்கரங்களைப் பாருங்கள். சக்கர அச்சு ஏறி இறங்கினால் அது கம்பளத்தின் தடிமனுக்கு ஏற்ப மூக்கை உயர்த்தும் விசை. எதுவும் அசையாவிட்டால் உள்ளே துரு பிடித்திருக்கலாம். அடித்துத் திருப்பாதீர்கள், அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள்.

கிர்பியில் மூக்கின் முன்னே திருகும் ஒரு பிடி இருந்தால் அது பெல்ட் தூக்கி. அதைத் திருப்பினால் உள்ளே ஒரு கொக்கி பெல்ட்டைத் தண்டிலிருந்து விலக்கும் அல்லது மாட்டும். பிடியில் உள்ள அம்புக்குறியை மூக்கில் உள்ள குறியோடு நேராக்கி நிறுத்த வேண்டும். பாதியில் விட்டால் பெல்ட் உரசி அறுந்துபோகும்.

கைப்பிடியில் வயர் சுற்ற இரண்டு கொக்கிகள் இருக்கும். அவற்றில் ஒன்று சுழன்றால் அது பழுது என்று நினைத்து இறுக்கிவிடாதீர்கள். அதைத் திருப்பினால் சுற்றிய வயர் முழுவதும் ஒரே இழுப்பில் கழன்று வரும்.

பின்னால் ஒரு மூடி, உள்ளே ஒரு துளை

இது ஹோஸ் பைப் மாட்டும் இடம். 1957-இல் வந்த ஹூவர் கன்வெர்ட்டிபிள் இதற்கு நல்ல உதாரணம். பின்பக்கத் துளையில் ஹோஸின் முனையைச் செருகினால் தரைப்பக்க உறிஞ்சல் அடைபட்டு ஹோஸ் வழியாக இழுக்கத் தொடங்கும்; கூடவே மோட்டாரின் வேகமும் தானாகக் கூடும். டார்ச் அடித்து உள்ளே ஸ்பிரிங் மடல் இருக்கிறதா, விரலால் தள்ளினால் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மடல் பாதியில் மாட்டிக்கொண்டால் ஹோஸிலும் உறிஞ்சல் இருக்காது, தரையிலும் இருக்காது. "இழுவை இல்லை" என்று ஒதுக்கிவைக்கப்பட்ட இயந்திரங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஹோஸ் மாட்டிய பிறகும் பல மாடல்களில் ரோலர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒரே இடத்தில் நிறுத்தி வேலை செய்தால் அங்கே கம்பளம் தேயும்.

பின்னால் துளையே இல்லாத இன்னும் பழைய மாடல்களில் அடித்தட்டைக் கழற்றி, பெல்ட்டை விலக்கி, அந்த இடத்தில் ஒரு இணைப்பியை மாட்டுவார்கள். கிர்பியில் மூக்கையே முழுதாகக் கழற்றி, விசிறியின் முகத்தில் ஹோஸை மாட்ட வேண்டும். பையைக் கழற்றி அந்த வாயில் ஹோஸை மாட்டினால் காற்று ஊதும் கருவியாகிவிடும். பழைய கிர்பிகளில் மூக்கு இல்லாமலும் மோட்டார் ஓடும் என்பதால் பிளக்கைப் பிடுங்காமல் அங்கே கைவைக்கக் கூடாது.

மின்சாரம்

பழைய வயரின் ரப்பர் உறை, பிளக் அருகிலும் கைப்பிடி மடிப்பிலும்தான் முதலில் வெடிக்கும். வெடிப்பு தெரிந்தால் டேப் சுற்றாமல் முழு வயரையும் மாற்றுங்கள். உலோக உடலும் எர்த் இல்லாத இரண்டு கம்பி வயரும் சேர்ந்திருந்தால் மெகர் (மின்கசிவுத் தடையை அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் சோதிப்பது அவசியம். உடலுக்கும் பிளக் முனைகளுக்கும் இடையே குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சை ஆன் நிலையில் வைத்துச் சோதியுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் சோதனைக்குள் வராது.

115 வோல்ட் இயந்திரத்தை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் சில நொடிகளில் எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் 5 ஆம்பியர் என்று இருந்தால் 115 × 5 = 575 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு). தொடக்க இழுவையையும் சேர்த்து 1000 விஏ வாங்குவதே சரி. கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார் என்பதால் 60 சைக்கிளுக்குப் பதில் 50 சைக்கிள் கொடுத்தாலும் பாதகமில்லை.

முதல் ஓட்டம் சீரீஸ் லாம்ப் போர்டு வழியாக இருக்கட்டும். 100 வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்து ஸ்விட்ச்சைப் போட்டால், நல்ல மோட்டார் மெதுவாகச் சுற்ற முயலும், பல்பு மங்கலாக எரியும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மோட்டார் அசையவே இல்லை என்றால் ஷார்ட் அல்லது இறுகிய பேரிங். அதைத் தாண்டிய பிறகே, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள லைனில் பல்பு இல்லாமல் ஓட்டுங்கள்.

கார்பன் பிரஷ் முனையில் சிறு நீலப் பொறி இருப்பது இயல்பு. தண்டைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்தி, கார்பனின் நீளத்தையும், அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் அழுக்கையும் பாருங்கள். பேரிங்குக்கு எண்ணெய்த் துளை இருந்தால் இரண்டு சொட்டு போதும். எண்ணெய் விடாதீர்கள் என்று எழுதியிருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம்.

உயரம் வைப்பது

மூக்கை மிக உயர்ந்த நிலையில் வைத்து, கம்பளத்தின் மேல் ஓடவிடுங்கள். ஒவ்வொரு படியாக இறக்குங்கள். தூவிகள் கம்பளத்தைத் தொடும் நொடியில் மோட்டாரின் சத்தம் சற்றே தாழும்; அதுதான் சரியான உயரம். அதற்கும் கீழே இறக்கினால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைப்பது தவறு. காற்று நுழைய இடமில்லாமல் உறிஞ்சல் குறையும், பெல்ட் சூடாகும்.

டைல்ஸ், கிரானைட், மொசைக் தரையில் தட்டும் பட்டைகள் உள்ள ரோலரை ஓட்டக் கூடாது. பட்டைகள் தரையில் மோதும், தூவிகள் தூசியை உறிஞ்சும் முன்பே பின்னால் வீசிவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டோ, ஹோஸில் தரைப் பிரஷ் மாட்டியோ அந்தத் தரையைச் சுத்தம் செய்யுங்கள்.