மும்பையில் தமிழ் வாட்ஸ்அப் குழு: தினப்பேச்சிலிருந்து நட்பு வரை

மும்பையில் தமிழருக்குப் பஞ்சமில்லை. தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று ரயில் பாதை நெடுகத் தமிழ்க் குடும்பங்கள். ஆனால் காலை ஏழரைக்கு லோக்கல் ரயில் பிடித்து ராத்திரி எட்டரைக்கு வீடு திரும்புகிறவருக்கு, எதிர் ஃபிளாட்டில் தமிழர் இருந்தாலும் நின்று பேச நேரம் அமைவதில்லை. அதனால்தான் வாட்ஸ்அப் குழுக்கள் இங்கே இவ்வளவு பெருகின. அவற்றில் பலவற்றில் காலை வணக்கப் படமும் ஃபார்வர்டும் மட்டுமே ஓடுகின்றன. வருடக்கணக்கில் உறுப்பினராக இருந்தும் யாருக்கும் யாரையும் தெரியாது.

குழுவில் நட்பு வளர ஒரு பழக்கம் போதும். நம் வீட்டிலோ தெருவிலோ இன்று நடந்த சின்ன விஷயத்தை, அடுத்தவர் பதில் சொல்ல இடம் விட்டு எழுத வேண்டும். எழுதியவருக்கு அன்றைக்கே யாராவது பதில் சொல்ல வேண்டும். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் எல்லாம் இந்தப் பழக்கத்தைக் காப்பாற்றத்தான்.

எத்தனை பேர், என்ன அமைப்பு

ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர வாட்ஸ்அப் இடம் தருகிறது. அறிவிப்புக்கு அது சரி, பேச்சுக்கு ஆகாது. 25 முதல் 40 பேர் வரை நல்ல அளவு. அதற்கு மேல் போனால் எழுதுகிறவருக்கு யார் படிக்கிறார்கள் என்றே தெரியாமல் கூச்சம் வந்துவிடும். பதினைந்துக்குக் கீழே இருந்தால் இரண்டு பேர் ஊருக்குப் போன வாரம் குழுவே அமைதியாகிவிடும். நாற்பதைத் தாண்டும்போது குழுவைப் பிரிக்க வேண்டியிருந்தால் ரயில் பாதைப்படி பிரியுங்கள்: சென்ட்ரல், ஹார்பர், வெஸ்டர்ன். மாவட்டவாரியாகப் பிரித்தால் நெல்லைக்காரர் ஒருவர் விராரிலும் இன்னொருவர் பன்வேலிலும் இருப்பார். இருவரும் சந்திக்கவே மாட்டார்கள்.

அட்மின் மூன்று பேர் போதும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். குழு அமைப்பில் புதியவர்களை அட்மின் அனுமதித்த பிறகே சேர்க்கும் வசதியை இயக்கி வையுங்கள். இணைப்பைப் பொதுவில் போடாதீர்கள். போட்டால் கடன் ஆப் விற்கிறவர்களும் வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பவர்களும் அன்று மாலைக்குள் வந்துவிடுவார்கள். விதிகளை நான்கு வரியில் எழுதி, எப்போதும் மேலே தெரியும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள். பின் செய்த செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும், மாதம் ஒருமுறை மறுபடி பின் செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய கைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும். இதனாலேயே பல பெண்கள் சேரத் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது. முன்பின் தெரியாதவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் டெலிகிராம் மேல். அதில் எண் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒவ்வொருவரும் அமைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்தான் என்று முடிவானால், சேரும் முன் பிரைவசி அமைப்பில் முகப்புப் படத்தை ‘என் தொடர்புகள்’ மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடச் சொல்லுங்கள்.

எழுத்துப் பிரச்சினை

மும்பையில் மூன்றாம் தலைமுறைத் தமிழர்கள் நிறைய. தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்க வராது. அவர்களை விட்டுவிட்டுக் குழு நடத்தினால் முதியோர் பேச்சாக முடிந்துவிடும். எனவே மூன்று வழியையும் திறந்து வையுங்கள்: தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ், குரல் பதிவு. யாரும் யாரையும் ‘தமிழில் எழுதக் கூடாதா’ என்று குத்திக் காட்டக் கூடாது. அப்படி ஒருமுறை கேட்கப்பட்டவர் மறுபடி எழுதவே மாட்டார்.

எழுதப் பழக விரும்புகிறவர்களுக்கு கூகுளின் விசைப்பலகை ஆப்பான ஜிபோர்டு எளிது. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கும்போது இரண்டு விசைப்பலகைகள் காட்டும். நேரடித் தமிழ் எழுத்து ஒன்று. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தருவது இன்னொன்று. புதியவர்கள் இரண்டாவதை எடுக்கட்டும். மைக் பொத்தானை அழுத்திப் பேசினாலும் தமிழில் எழுதிக் கொடுக்கும், ஆனால் ஊர்ப் பெயர்களில் தவறும், ஒருமுறை படித்துவிட்டு அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். குரல் பதிவு ஒரு நிமிடத்துக்குள் இருந்தால்தான் கேட்பார்கள். நெரிசலான பெட்டியில் நிற்கிறவர் நாலு நிமிடப் பதிவை அப்புறம் கேட்கலாம் என்று விடுவார். அந்த அப்புறம் வராது.

அறிமுகம்

புதிதாக ஒருவர் சேர்ந்ததும் முப்பது கைகூப்பும் பொம்மைகள் வந்து விழும். வரவேற்பு போலத் தெரிந்தாலும் புதியவர் அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பார். அதற்குப் பதிலாக அட்மின் இப்படிக் கேட்கட்டும்: எந்த ஸ்டேஷன், நேட்டிவ் எது, வேலை முடிந்த பிறகு என்ன பிடிக்கும், எப்படிக் கூப்பிட வேண்டும். நாலாவது கேள்வியை விடாதீர்கள். மும்பையில் ‘ஜி’ சேர்த்துக் கூப்பிடுவது பலருக்கு வசதி, சிலருக்கு அண்ணா, அக்கா என்றால்தான் ஒட்டும். தெரியாத பெண்ணை மாமி என்று நாமே முடிவு செய்து அழைப்பதும், தன்னைவிடப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் முதல் நாளே சுருக்கென்று தைக்கும்.

நேட்டிவ் கேட்டதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊர் கேட்டபின் தெரு, தெரு கேட்டபின் குலதெய்வம் என்று போகிற விசாரணை எங்கே முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சாதியைத் தெரிந்துகொள்ளும் எந்தச் சுற்றுவழிக் கேள்விக்கும் குழுவில் இடமில்லை என்பதை விதிகளின் முதல் வரியாகவே எழுதுங்கள்.

என்ன எழுதுவது

‘என்ன எழுதறது, நமக்கு அப்படி ஒண்ணும் நடக்கலையே’ என்பதுதான் பெரும்பாலானவர்களின் தடை. பெரிதாக ஒன்றும் நடக்க வேண்டாம். ஒரு நல்ல தினச்செய்தியில் மூன்று அம்சங்கள் இருக்கும்: இடம் அல்லது நேரம், கண்ணால் பார்த்தது அல்லது காதால் கேட்டது, கடைசியில் ஒரு கேள்வி. நாற்பது சொல்லுக்குள் முடியும்.

ஒரு உதாரணம்: ‘பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் “மலா பூக் லாக்லி” என்றான். அப்பா என்று கூடக் கூப்பிடவில்லை, நேராக மராத்தி. சாப்பாடு போட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் எந்த மொழியில் பசி சொல்கிறார்கள்?’ இதற்குப் பதில் வராமல் இருக்காது. பிள்ளை இல்லாதவர்கூடத் தன் சிறுவயதை நினைத்துச் சொல்வார்.

இதையே ‘இன்றைய தலைமுறை தாய்மொழியை மறந்துவருகிறது, வேதனை’ என்று எழுதினால் நாலு பேர் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போவார்கள், அல்லது இரண்டு பேர் சண்டை போடுவார்கள். பொதுக் கருத்துக்கு ஒத்துப்போகலாம், எதிர்க்கலாம். அதைத் தாண்டி எழுதியவரைப் பற்றிப் படிப்பவருக்கு எதுவும் தெரியவராது. ஒரு வீட்டுச் செய்தியில் ஆளே தெரிவார்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூ வந்திருக்கிறது என்பது, மாடியில் போட்ட வத்தலை மைனா கொத்தியது, ஆபீஸில் புது மேனேஜர் பெயரை உச்சரிக்கத் திணறியது, கணபதி ஊர்வலத்தில் ஆட்டோ இரண்டு மணி நேரம் நின்றது, எல்லாம் எழுதத் தக்கவை. உடல்நலத் துயரம், வேலை போனது போன்றவற்றை முதல் மாதத்திலேயே நாற்பது பேர் முன் கொட்ட வேண்டாம். கேட்பவர்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பதில் வராமல் போனால் அது சொன்னவரை இன்னும் நோகடிக்கும். அதைத் தனியாகச் சொல்லும் ஆளை முதலில் தேடிக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எழுதினால் போதும். ஒருவரே தினம் ஐந்து செய்தி போட்டால் மற்றவர்கள் வாசகர்களாகிவிடுவார்கள். இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை நல்ல நேரம், சமையல் ஓய்ந்திருக்கும்.

பதில்தான் பாதி வேலை

குழுக்கள் சாவது எழுத ஆள் இல்லாமல் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் பதில் சொல்ல ஆள் இல்லாமல்தான். ஒருவர் முதன்முதலாக எழுதி, மறுநாள் காலை வரை பதில் இல்லை என்றால், அவர் குழுவை மியூட் செய்துவிடுவார். ஆகவே அட்மின்கள் மூவரும் முறை வைத்துக்கொண்டு, புதியவரின் முதல் மூன்று செய்திகளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

பதில் சொல்லும்போது அந்தச் செய்தியை வலப்பக்கம் இழுத்து அதற்கே பதில் போடுங்கள், இல்லாவிட்டால் நாலு பேச்சு பின்னிக்கொண்டு யாருக்கு என்ன சொன்னோம் என்று தெரியாது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துக் கேளுங்கள். ‘மைனாவா? இங்கே முலுண்டில் காக்காதான். வலை போட்டீர்களா?’ என்பது பதில். ‘சூப்பர்’ பதில் ஆகாது. யோசனை கேட்காதவருக்கு யோசனை சொல்வதையும் தவிருங்கள். மும்பையில் முப்பது வருடம் இருந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம், அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் புதிதாக வந்த இருபத்தைந்து வயதுக்காரரை அது வாயடைத்துவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள்

ஃபார்வர்டு முதல் எதிரி. முழுத் தடை நிற்காது, நாலு நாளில் யாராவது மீறுவார். ஞாயிறு ஒருநாள் மட்டும் ஆளுக்கு ஒன்று, கூடவே ‘இதை ஏன் அனுப்புகிறேன்’ என்று சொந்தமாக ஒரு வரி என்று வைத்தால் தானாகக் குறையும். மீறினால் அட்மின் பேசாமல் அழித்துவிட்டுத் தனியாகச் சொல்லட்டும். எல்லோர் முன்னாலும் கண்டித்தால் அவரும் போவார், அவர் நண்பர் இருவரும் போவார்கள்.

கட்சி, நடிகர் சண்டை மூண்டால் வாதத்தில் தீர்ப்புச் சொல்ல முயலாதீர்கள். அட்மின் மட்டுமே எழுதும்படி ஒரு இரவு மாற்றி வைத்துவிட்டு, காலையில் திறந்து வேறு பேச்சைத் தொடங்குங்கள். பணம் கேட்பது, சீட்டு, பாலிசி, இரட்டிப்புத் திட்டம் ஆகியவற்றுக்கு முதல் தடவையே வெளியேற்றம். தெரிந்தவர் எண்ணிலிருந்தே ‘அவசரம், ஜிபே பண்ணுங்க’ என்று வந்தாலும் அவரைக் கூப்பிட்டுக் குரல் கேட்காமல் அனுப்ப வேண்டாம். கணக்கைத் திருடி இப்படிக் கேட்பது வழக்கமான மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு.

குழுவிலிருந்து தனிப்பேச்சுக்கு

ஒருவருடன் குழுவிலேயே மூன்று நான்கு முறை பேச்சு நீண்ட பிறகு தனியாக எழுதுங்கள், ஒரு காரணத்தோடு. ‘நீங்கள் சொன்ன செம்பூர் டியூஷன் டீச்சர் விவரம் வேண்டும், தனியாக அனுப்ப முடியுமா?’ என்று குழுவிலேயே கேட்டுவிட்டுப் போவது நாகரிகம். காரணமில்லாத ‘ஹாய்’, இரவு பத்துக்கு மேல் ‘தூங்கலையா’, முகப்புப் படத்தைப் பற்றிய பாராட்டு, மூன்றுமே பெண்களைக் குழுவை விட்டு ஓடச் செய்பவை. புகார் வந்தால் அட்மின் விசாரணை மன்றம் நடத்த வேண்டாம்; செய்தியைப் பார்த்து, அனுப்பியவரை நீக்கிவிட வேண்டும்.

நேரில்

இரண்டு மாதத்துக்குள் ஒரு சந்திப்பு நடக்காவிட்டால் குழு ஆறிப்போகும். நாற்பது பேரையும் கூட்ட நினைக்காதீர்கள், மண்டபம் தேடுவதிலேயே நின்றுபோகும். வாக்கெடுப்பில் மூன்று தேதி கொடுங்கள், ஆறு பேர் வந்தால் போதும்.

இடத்துக்கு மாட்டுங்கா போல வசதி வேறு இல்லை. மூன்று பாதையும் அங்கே வந்து சேர்கின்றன: சென்ட்ரலில் மாட்டுங்கா, வெஸ்டர்னில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள். மாட்டுங்காவிலும் மாட்டுங்கா ரோட்டிலும் ஃபாஸ்ட் லோக்கல் நிற்காது, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ மட்டுமே நிற்கும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். டோம்பிவிலியிலிருந்து ஃபாஸ்டில் வருகிறவர் குர்லாவில் இறங்கி ஸ்லோ மாற வேண்டும், சயானுக்கு அடுத்தது மாட்டுங்கா. வாஷியிலிருந்து வருகிறவர் வடாலா ரோட்டில் இறங்கி பாந்த்ரா பக்கம் போகும் வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன் கிங்ஸ் சர்க்கிள்.

ஞாயிறு என்றால் மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது) அறிவிப்பை முந்தைய நாளே பாருங்கள். பிளாக் பெரும்பாலும் முற்பகலில் தொடங்கி மாலை நான்கு மணி வாக்கில் முடியும், எனவே காலை எட்டரை அல்லது மாலை ஐந்தரை. காலை உணவு நேரத்தில் மாட்டுங்கா ஹோட்டல்களில் வாசலில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும், உள்ளே உட்கார்ந்தால் சீக்கிரம் எழ வேண்டும், பேச்சுக்கு அது உதவாது. முதலில் அங்கேயுள்ள ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்து பேசிவிட்டு அப்புறம் டிபனுக்குப் போங்கள். அறியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் வரும் மௌனம், பக்கத்தில் நடக்கும்போது வருவதில்லை. பில்லை அங்கேயே ஆள் எண்ணிக்கையால் வகுத்து யுபிஐயில் முடித்துவிடுங்கள். படம் எடுத்தால் எல்லோரையும் கேட்டபிறகே குழுவில் போட வேண்டும், வேறு குழுவுக்குப் போகக் கூடாது.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நேரில் கூடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிங்ஸ் சர்க்கிளும் சயானும் கனமழையில் தண்ணீர் தேங்கும் இடங்கள். அந்த மாதங்களில் குழு வேறு விதத்தில் கைகொடுக்கும். மழை நாளில் எழுதும் செய்திக்கு ஒரு அமைப்பு வைத்துக்கொள்ளுங்கள்: இடம், மணி, நிலை. ‘சயான், 7.40, தண்டவாளத்தில் தண்ணீர், ஸ்லோ நிற்கிறது.’ படம் மட்டும் போட்டால் அது போன வருடத்துப் படமாகவும் இருக்கலாம். தான் எடுத்த படத்தை மட்டுமே, மணியோடு போட வேண்டும். வழியில் மாட்டிக்கொண்டவர் இருக்கும் ஸ்டேஷனைச் சொன்னால், பக்கத்தில் வீடு உள்ளவர் ‘மேலே வாங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்’ என்று எழுதலாம். தனியாக இருப்பவர் வீட்டு முகவரியைக் குழுவில் போடாமல், வருகிறவருக்கு மட்டும் தனியே அனுப்புங்கள்.