காதல் நாவலில் இரண்டாவது ஜோடியை எழுதுவது எப்படி?

காதல் நாவல் எழுத ஆரம்பிக்கும் பலரும் நாயகனுக்கு ஒரு நண்பன், நாயகிக்கு ஒரு தோழி என்று வைப்பார்கள். பத்தாவது அத்தியாயத்துக்குள் அந்த இருவருக்கும் காதல் வந்துவிடும். ஏன் வந்தது என்று கேட்டால், பக்கத்தில் இருந்தார்கள் என்பதைத் தவிர பதில் இருக்காது. அந்தப் பக்கங்களை வாசகர்கள் வேகமாகத் தள்ளிவிட்டுப் போவார்கள்.

1. நாயகன், நாயகியின் சிக்கலை ஒரே வரியில் எழுதுங்கள். 'ஒருமுறை ஏமாந்தவள் மறுபடி ஒருவனை நம்புவாளா?' என்று வைத்துக்கொள்வோம். இதே கேள்விக்கு இரண்டாவது ஜோடி வேறு பதில் சொல்ல வேண்டும். தோழி, பார்த்த மூன்றாம் நாளே கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவளாக இருக்கட்டும். இல்லையென்றால், இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்தும் சந்தேகம் தீராத அக்காவும் மாமாவுமாக இருக்கட்டும். புதுக் காதலர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

2. அவர்களுக்கு நடப்பது நாயகன், நாயகியைப் பாதிக்க வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் நாயகி எலிசபெத்தின் அக்கா ஜேனும், நாயகன் டார்சியின் நண்பன் பிங்லியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். டார்சி தன் நண்பனை அவளிடமிருந்து விலக்கிவிடுகிறான். இது எலிசபெத்துக்குத் தெரியவந்த அதே நாளில்தான் அவன் வந்து அவளிடம் காதலைச் சொல்கிறான். அக்காவை அழவைத்தவனுக்கு அவள் எப்படிச் சம்மதிப்பாள்? ஜேன், பிங்லி கதையை உருவிவிட்டால் அந்தக் காட்சி பாதி பலம் இழந்துவிடும். உங்கள் கதையிலும் இப்படி உருவிப் பாருங்கள். எதுவுமே சரியவில்லையா? அப்படியானால் முடிச்சு இன்னும் விழவில்லை.

3. முப்பது அத்தியாயக் கதையில் அவர்களுக்கு ஐந்தாறு போதும் என்பது என் கணக்கு. அதையும் முடிந்தவரை நாயகியின் பார்வையில் சொல்லுங்கள். தோழியின் போன் அதிர்கிறது. யாரென்று பார்த்தவள் எடுக்காமல் கவிழ்த்து வைக்கிறாள். நாயகி ஒன்றும் கேட்கவில்லை. நாயகனுக்கு அனுப்புவதற்காகத் தன் போனில் அடித்து வைத்திருந்த செய்தியை அழிக்கிறாள். அவ்வளவுதான். அங்கே சண்டை என்பதும் தெரிந்துவிட்டது, இங்கே பயமும் கூடிவிட்டது.

4. இரண்டு ஜோடிகளையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்து வைக்காதீர்கள். ஜேனும் பிங்லியும் சேர்ந்த பிறகுதான் டார்சி இரண்டாம் முறை கேட்கிறான்.

5. எழுத எழுத, இரண்டாவது ஜோடிதான் உயிரோடு இருக்கிறது என்று தோன்றலாம். எனக்கும் நடந்திருக்கிறது. உடனே அவர்களை வெட்டாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், நாயகனும் நாயகியும் மனதுக்குள்ளேயே மருகிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சண்டைகளில் ஒன்றை நாயகன், நாயகிக்குக் கொடுத்து அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள். அப்புறமும் அந்த ஜோடியே முன்னால் வந்து நின்றால், மிச்சக் காட்சிகளைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் அடுத்த நாவல் அதுவாகவே இருக்கலாம்.