நேவி அக்னிவீர்: ஓட்டத்துக்கு முன்னால் காதையும் பல்லையும் பாருங்கள்

நேவியில் சேரணும் என்று முடிவெடுத்த பிள்ளைகள் மறுநாள் விடியற்காலையே மைதானத்தில் நிற்கிறார்கள். ஓட்டத்துக்கு அவ்வளவு அவசரம் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காக ஓடினால் நல்ல உடல்நிலை உள்ள எந்தப் பிள்ளையும் ஓட்டத் தேர்வின் நேரத்துக்குள் வந்துவிடும். கடைசி நேரத்தில் சரிசெய்ய முடியாதவை வேறு இரண்டு: உடம்பில் ஏற்கெனவே இருக்கும் குறை, சான்றிதழில் ஏற்கெனவே இருக்கும் பிழை. தயாரிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

2022 ஜூனில், நான்காண்டுக்கு வேலைக்கு எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்த பிறகு, பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேரும் பொதுவழி அக்னிவீர்தான். எஸ்.எஸ்.ஆர் (சீனியர் செகண்டரி ரெக்ரூட்) பிரிவுக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்து, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற மூன்றாண்டு டிப்ளமோவும் செல்லும். எம்.ஆர் (மெட்ரிக் ரெக்ரூட்) பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் 50 சதவீதம். வயது பதினேழரையிலிருந்து 21. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. கணிதம் இல்லாத குரூப் எடுத்தவர்கள் எஸ்.எஸ்.ஆருக்குப் பணம் கட்டி ஏமாற வேண்டாம். உயிரியல் படித்தவர்களுக்கு மெடிக்கல் அசிஸ்டென்ட் அறிவிப்பு தனியாக வரும். பிறந்த தேதி வரம்பு ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாறும், அதை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மெடிக்கல். முதல் செலவு கண் மருத்துவரிடம். கண்ணாடி இல்லாமல் ஒரு கண் 6/6, மற்றது 6/9 இருக்க வேண்டும் என்பது மாலுமிகளுக்கான அளவு. கையோடு நிறப்பார்வையையும் சோதிக்கச் சொல்லுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று பார்க்கும் புத்தகம்தான் அது. இதில் கடற்படை ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்றால், இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை விளக்கின் நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். கப்பலின் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்ணை நம்பி யாரையும் காவலுக்கு நிறுத்த முடியாது. பிறவியிலேயே வரும் நிறக்குருடுக்குச் சிகிச்சையும் கிடையாது. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டால் ஒரு வருட உழைப்பும் கோச்சிங் பணமும் மிச்சம்.

அடுத்து காது. குறும்பி அடைத்திருந்தால் செவிப்பறை தெரியாது, மருத்துவர் அந்த இடத்திலேயே தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதிவிடுவார். வீட்டில் குச்சி விட்டுக் குடையாதீர்கள், அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்யுங்கள். பல்லில் படிந்த காரையையும் எடுத்துவிடுங்கள். ஈரக் காலோடு சிமென்ட் தரையில் நின்று பாருங்கள். பாதத்தின் உட்பக்க வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நேராக நிற்கும்போது முழங்கால்கள் முட்டிக்கொண்டு கணுக்கால்கள் விலகி நின்றாலும் அப்படியே. பையன்கள் வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் ஒன்று உண்டு: விதைப்பை வீக்கம், அங்கே ரத்தக்குழாய் சுருண்டிருப்பது. மெடிக்கலில் அது கட்டாயம் தெரிந்துவிடும். அறுவை செய்தால் ஆற நாள் பிடிக்கும் என்பதால், அப்பாவிடமோ அண்ணனிடமோ இன்றே சொல்லிவிடுங்கள். நிரந்தரப் பச்சை, முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது.

சான்றிதழில் நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘முருகன் கே’, ஆதாரில் ‘கே முருகன்’, சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குப் புரியும். வடக்கே சான்றிதழ் சரிபார்ப்பவருக்கு இனிஷியல் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலை அடிப்படையாக வைத்து, மற்றவற்றை அதற்கேற்ப இ-சேவை மையத்தில் திருத்திக்கொள்ளுங்கள். இருப்பிடச் சான்றும் தேவை. தேர்வுப் பட்டியல் மாநில வாரியாகப் போடப்படுகிறது.

எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில் நடக்கும். எஸ்.எஸ்.ஆருக்கு ஆங்கிலம், அறிவியல், கணிதம், பொது அறிவு என நான்கு பகுதி, 100 கேள்வி, ஒரு மணி நேரம். தவறுக்கு கால் மதிப்பெண் போகும். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். கணிதத்தில் எடுத்த மதிப்பெண் ஆங்கிலத்தைக் காப்பாற்றாது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு உந்தம், முடுக்கம், மின்தடை எல்லாம் அத்துப்படி, ஆங்கிலப் பெயரில் கேட்டால் விழிக்கிறது. மருந்து எளிது: ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், நாளைக்கு இருபது. பாடப் புத்தகத்தின் பின்னால் உள்ள கலைச்சொல் பட்டியலே போதும். தேர்வு அறையில் ஒரு கேள்விக்கு 36 நொடிதான் கிடைக்கும். பொது அறிவையும் ஆங்கிலத்தையும் வேகமாக முடித்து, மிச்சப்படும் நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுங்கள். நான்கு விடைகளில் இரண்டையாவது தள்ள முடிந்தால் மட்டும் ஊகித்துப் போடுங்கள்.

இப்போது மைதானம். ஆண்களுக்கு 1.6 கிலோமீட்டர் 6 நிமிடம் 30 நொடியில், 20 உட்கார்ந்தெழல், 15 புஷ்-அப், முழங்கால் மடக்கிய சிட்-அப் 15. பெண்களுக்கு 8 நிமிடம், 15, 10, 10. 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. ஆண்களுக்குச் சுற்றுக்குச் சுமார் 97 நொடி. இலக்கை 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். தோற்பவர்களில் பலர் கூட்டத்தைப் பார்த்து முதல் சுற்றை 75 நொடியில் ஓடி, மூன்றாவதில் மூச்சுமுட்டி நடக்கிறவர்கள்.

முதல் நான்கு வாரம், வாரத்தில் நான்கு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 3, 4 கிலோமீட்டர். அடுத்த நான்கு வாரத்தில் இரண்டு நாளை மட்டும் மாற்றுங்கள்: 400 மீட்டரை 90 நொடியில் ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து, இப்படி ஆறு முறை. கடைசி நான்கு வாரம், வாரம் ஒருமுறை முழுச் சோதனை. ஓட்டம் முடிந்த களைப்போடு உடனே உட்கார்ந்தெழல், புஷ்-அப், சிட்-அப் செய்து பழகுங்கள். தனித்தனியாகப் பழகியவர்களுக்கு அன்றைக்குத் தொடை நடுங்கும். தார் ரோட்டில் ஓடாதீர்கள், முன்காலெலும்பில் வலி வரலாம். மண் தரை நல்லது.

தேர்வானால் பயிற்சி, ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ் சில்கா என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில். போலீஸ் சரிபார்ப்புப் படிவமும் மூலச் சான்றிதழ்களும் கையில் இல்லாமல் ரயில் ஏறாதீர்கள். இறுதி மெடிக்கலும் அங்கேதான். 2022 நவம்பரில் தொடங்கிய முதல் அக்னிவீர் பேட்ச்சில் பெண்களும் சேர்ந்து பயிற்சி பெற்று 2023 மார்ச்சில் வெளியே வந்தார்கள்.

டிரில் கட்டளை இந்தியில். சாவ்தான் (விறைத்து நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு), பீச்சே முட் (பின்பக்கம் திரும்பு), தேஸ் சல் (வேகமாக நட), தம் (நில்): இந்த ஏழையும் வீட்டிலேயே உடம்புக்குப் பழக்கிவிடுங்கள். என்.சி.சி-யில் இருந்தவர்களுக்கு இது மனப்பாடம். அணிவகுப்பில் மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் பலவீனர்கள் இல்லை. முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்பதால் ரத்தம் காலிலேயே தங்கித் தலைக்கு ஏறாமல் போகிறது. ஷூவுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே நில்லுங்கள், காலை உணவையும் தண்ணீரையும் தவிர்க்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் ஊரிலேயே கிணற்றிலோ குளத்திலோ, தெரிந்தவர் பக்கத்தில் இருக்க, மிதக்கவாவது பழகிவிட்டுப் போங்கள்.

ஒரு முடிச்சும் கற்றுக்கொள்ளுங்கள்: பௌலைன். இரண்டு மீட்டர் கொடிக்கயிறு போதும். முனைப்பக்கம் நீண்ட கயிற்றின் மேல் படியும்படி சின்னக் கண்ணி ஒன்று போடுங்கள். முனையைக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே எடுத்து, நீண்ட கயிற்றின் பின்னால் சுற்றி, அதே கண்ணிக்குள் திரும்ப இறக்கி இழுங்கள். எவ்வளவு பாரம் ஏறினாலும் வளையம் சுருங்காது, வேலை முடிந்ததும் விரலாலேயே அவிழும். கண்ணியைத் தலைகீழாக, முனை அடியில் போகும்படி போட்டால் இழுத்த உடனே கழன்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு பத்து நொடியில் போட வரும்வரை பழகுங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 70 சதவீதம் இருந்தால் மாலுமி வழியோடு நிற்காதீர்கள். பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் ஜே.இ.இ மெயின் தரவரிசையும் இருந்தால், பி.டெக் கேடட் நுழைவு வழியாகக் கேரளத்தின் எழிமலை கடற்படை அகாடமியில் படித்து அதிகாரியாகலாம். அதிகாரியாக இன்னொரு வழியான என்.டி.ஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வும் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அதில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி என்ற தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் நேர்காணலுக்கு 900.

சில்காவுக்குப் பிறகு தொழிற்பயிற்சி: எலக்ட்ரிக்கல் என்றால் ஜாம்நகரின் ஐ.என்.எஸ் வல்சுரா, என்ஜின் என்றால் லோனாவ்லாவின் ஐ.என்.எஸ் சிவாஜி, பீரங்கி என்றால் கொச்சியின் ஐ.என்.எஸ் துரோணாச்சார்யா. மாதச் சம்பளம் முதல் வருடம் 30,000 ரூபாய், நான்காம் வருடம் 40,000; அதில் 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும், அரசும் அதே அளவு போடும். நான்காண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரம். மீதிப் பேர் வெளியே வேலை தேட வேண்டிவரும் என்பதால், ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் தரும் சான்றிதழை வாங்கி, ஒரு நகலை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.