பழைய மூணு ஸ்பீடு சைக்கிளை மறுபடி ஓட வைப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றும்போது, அல்லது உங்கள் வீட்டு இரண்டாம் கட்டிலேயே, துருப்பிடித்த சீமைச் சைக்கிள் ஒன்று கண்ணில் படலாம். ஹேண்டில்பாரில் சின்னதாக ஒரு விசை, பின்சக்கர அச்சுக்குள் போகும் குட்டிச் சங்கிலி. இரண்டும் இருந்தால் அது மூணு ஸ்பீடு, அதாவது மூன்று கியர் வண்டி. விட்டுவிடாதீர்கள்.

முதலில் பின்சக்கரத்தின் நடுவில் கியரை உள்ளடக்கியிருக்கும் உருளையை, அதாவது ஹப்பை, மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். பெரும்பாலும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பாக இருக்கும். அதன் ‘ஏ.டபிள்யூ.’ மாடல் 1936-இல் வந்தது. அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் 54, 3 என்று இருந்தால் 1954 மார்ச்சில் செய்தது. எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த ராலே சைக்கிளில் அந்த எண் செம்மண்ணுக்கு அடியில் இருந்து தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெயிண்ட் அடிக்கும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அந்தக் கறுப்பும் தங்கக் கோடும் போனால் திரும்ப வராது. எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும்.

அடுத்தது எண்ணெய். இதுதான் முக்கியமான வேலை. ஐயாவின் வண்டியை ஓவராயிலுக்குக் கொடுத்த இடத்தில் ஹப் முழுக்க கிரீஸை அடைத்துவிட்டார்கள். உள்ளே பல்லில் விழுந்து பிடிக்க வேண்டிய சின்னத் துண்டுகள் கிரீஸில் ஒட்டிக்கொள்ள, பெடல் வெறுமனே சுற்றியது. “ஹப் போச்சு, சாதா ஹப் மாட்டிரலாம்” என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஹப்பின் மேல் ஒரு சின்ன எண்ணெய் மூடி இருக்கும். அதைத் திறந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தை நன்றாகச் சுற்றிவிட்டு, ஒரு இரவு சாய்த்துப் போட்டேன். காலையில் கறுப்பாக வழிந்திருந்தது. இப்படி நாலு நாள். பிறகு மெல்லிய இன்ஜின் ஆயில் இரண்டு டீஸ்பூன் விட்டதும், சுற்றும்போது கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் ஹப் பிழைத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளானால் பிசினாகிவிடும். ஹப்பிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கசிந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

இனி கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையைக் கழற்றுவது. அதை நடு அச்சோடு பிடித்து நிறுத்தும் காட்டர் பின்னுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் விடுங்கள். பின்னின் தலை உள்ளே போகும் அளவுக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையில் நிறுத்தி, கிராங்க் அதன் மேல் உட்காரும்படி வையுங்கள். நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்திவிட்டு, சுத்தியலால் ஒரே பலமான அடி. அண்டைகொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் பேரிங்குக்குப் போகும். மறுபடி மாட்டும்போது இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் நேர்கோட்டில் நிற்காது.

உதிரி கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். நம் பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டி செய்தது அதே சீமை மாதிரியில்தான். 28-க்கு ஒன்றரை டயர் போட்ட பெரிய வண்டியென்றால் டயர், டியூப், காட்டர் பின் எல்லாம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக கியர் கேபிள். விசையை இரண்டில் வையுங்கள். வலப்பக்க அச்சு நட்டில் உள்ள ஓட்டை வழியாகப் பாருங்கள். சங்கிலியோடு சேரும் கம்பியின் முனை, அச்சின் முனையோடு சரிமட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேபிள் திருகைச் சுற்றிச் சரிசெய்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எதையும் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது கியர் அங்கே நழுவினால் ஆள் விழுந்துவிடுவார்.

சரி, இப்போது ஓட்டலாம். இரண்டுதான் நேர் கியர். ஒன்று அதைவிடக் கால் பங்கு குறைவு, மூன்று மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கியர் மாற்றும்போது ஒரு கணம் மிதிப்பதை நிறுத்துங்கள், விசையைத் தள்ளுங்கள், பிறகு மிதியுங்கள். நின்ற இடத்திலும் மாற்றலாம். கண்மாய்க்கரையில் ஏறும் முன்னாலேயே ஒன்றுக்கு வந்துவிடுங்கள். மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது, கொஞ்சம் தூரத்திலேயே பிடிக்க ஆரம்பியுங்கள். முதல் நாள் ஊரணியை நாலு சுற்றுச் சுற்றி வந்து, காட்டர் பின் நட்டை இன்னொரு தரம் இறுக்குங்கள். அப்புறம் கானாடுகாத்தானுக்குக் கிளம்பலாம்.