6,46,646: ஒரு பெரிய எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி?

பெரிய எண் ஒன்றைக் கொடுத்தால் பலரும் உடனே 2, 3, 5 என்று வகுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் அதைச் சும்மா கொஞ்ச நேரம் பார்ப்பேன். எண்ணின் உருவமே பல சமயம் பாதி வேலையை முடித்துவிடும்.

6,46,646-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளிகளைத் தூக்கிவிட்டு மூன்று மூன்று இலக்கமாக எழுதினால் 646 646. ஒரே எண் இரண்டு முறை! அப்படியென்றால் இது 646 × 1001. இந்த 1001 = 7 × 11 × 13 என்பதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கைகொடுக்கும். மிச்சம் 646. அதில் பாதி 323. இங்கேதான் ஆட்கள் திணறுவார்கள். 324 என்பது 18-இன் வர்க்கம் அல்லவா? அதில் ஒன்று குறைவு, அவ்வளவுதான். 18² − 1² = 17 × 19. சரி, முடிந்தது:

6,46,646 = 2 × 7 × 11 × 13 × 17 × 19

எல்லா எண்ணும் இவ்வளவு சாதுவாக இருக்காது. இதன் வர்க்கமூலம் 804-க்கும் 805-க்கும் நடுவில் இருக்கிறது. உருவத்தில் எந்தத் துப்பும் கிடைக்காத இதே அளவு எண்ணுக்கு, 797 வரையுள்ள 139 பகா எண்களையும் வகுத்துப் பார்க்க நேரலாம்.

விடையைச் சரிபார்க்கவும் உருவம் உதவும். இது விகடகவி எண், அதாவது திருப்பிப் படித்தாலும் அதே எண். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள விகடகவி எண் எதுவானாலும் 11-ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 32, ஆகவே 3 வராது.

பகாக் காரணிகள் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். ஆறு பகா எண்களும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. ஒரு வகுத்தியில் ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; ஆக 2⁶ = 64 வகுத்திகள். அவற்றின் கூட்டுத்தொகை வேண்டுமா? ஒவ்வொரு பகா எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 8 × 12 × 14 × 18 × 20 = 14,51,520. எண்ணையே அதிலிருந்து கழித்தால் 8,04,874. எண்ணைவிட அதன் மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை பெரியது.

அப்புறம், 4-ஆல் வகுத்தால் மீதி 2 வருவதால் இதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதவே முடியாது. கூட்டலாகவும் முடியாது: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் 7, 11, 19 ஆகியவை ஒற்றையாக நிற்கின்றன; இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத வேண்டுமானால் அப்படிப்பட்டவை ஜோடி ஜோடியாக வரவேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 22 பேரிலிருந்து 10 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையும் சரியாக 6,46,646தான். காரணிகள் ஏன் இப்படி அமைந்தன என்பதும் இதில் தெரிந்துவிடும். 22! ÷ (10! × 12!) என்று எழுதிப் பாருங்கள் (22! என்றால் 1 முதல் 22 வரையுள்ள எண்களின் பெருக்கல்). 13, 17, 19 மூன்றும் மேலே மட்டும்தான் இருக்கின்றன, அடிபட வழியில்லை. 3-ஐப் பாருங்கள்: 22!-இல் ஒன்பது, கீழே 10!-இல் நான்கு, 12!-இல் ஐந்து. ஒன்றுகூட மிஞ்சவில்லை.