பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூச நவச்சாரம்: வாங்கறதுலேர்ந்து பூசி முடிக்கற வரைக்கும்

கடலூர் முதுநகர்ல எங்க தெருவுக்கு முன்னல்லாம் ஈயம் பூசறவர் துருத்தியோட வருவாரு, இப்ப அவரு வர்றதே இல்ல, அம்மாவோட பித்தளை அண்டா உள்ள மஞ்சளா தெரிய ஆரம்பிச்சதும் நாங்களே பூச கத்துக்கிட்டோம். ஈயம் போன பித்தளையில புளி போட்டு எதையும் வைக்காதீங்க, செம்பு கரைஞ்சு இறங்கும், குமட்டல் வாந்தி வரும்.

நவச்சாரம்னா அம்மோனியம் குளோரைடு, நாட்டு மருந்து கடையில கிடைக்கும். வாங்கினதும் ஒரு சிட்டிகைய பழைய இரும்பு கரண்டியில போட்டு வெளியில வச்சு நல்லா காய்ச்சுங்க, சுத்தமானதா இருந்தா உருகாம வெள்ளை புகையா போயி கரண்டி காலியாயிடும், கீழ ஏதாவது தங்குச்சுன்னா சாப்பாட்டு உப்போ வேற எதுவோ கலந்திருக்குன்னு அர்த்தம். நம்ம ஊரு கடல் காத்துக்கு ஈரம் இழுத்து கட்டி தட்டிடும், அதனால கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி வைங்க, தகர டப்பா வேணாம், துரு புடிச்சுடும்.

ஈயம் வாங்கறதுல ரொம்ப கவனமா இருங்க. வெள்ளீயம்தான் (டின்) வேணும், காரீயம் (லெட்) விஷம். சால்டரிங் கம்பியில காரீயம் கலந்திருக்கும், விலை கம்மின்னு யாராவது அத குடுத்தா வாங்கவே வாங்காதீங்க, குழந்தைங்க சாப்பிடற பாத்திரம் இது.

இப்ப வேலைக்கு வருவோம். பாத்திரத்த புளியும் மணலும் போட்டு பளபளன்னு தேய்ச்சு கழுவி சொட்டு ஈரம் இல்லாம காய வைங்க. திறந்த வெளியில கரி அடுப்பு போட்டு பாத்திரத்த சூடு பண்ணுங்க, ஈயக்குச்சிய உள்ள தேய்ச்சா தானா உருகணும், வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும் (ஈயச்சொம்ப காலியா அடுப்புல வச்சா உருகி போகும்ல, அதே உலோகம்தான்). அந்த சூட்டுல நவச்சாரப் பொடிய தூவி, இடுக்கியில புடிச்ச பஞ்சால சுத்தி தேய்ங்க. சூட்டுல அது அமோனியாவாவும் ஹைட்ரஜன் குளோரைடாவும் பிரியும், அந்த ஹைட்ரஜன் குளோரைடுதான் பித்தளை மேல இருக்கற ஆக்ஸைடு கறைய எடுத்துடும், கறை இருந்தா ஈயம் ஒட்டாம முத்து முத்தா உருண்டு ஓடும். மேல போனதும் ரெண்டு வாயுவும் திரும்ப சேர்ந்து வெள்ளை புகை ஆகும், அது கண்ணு தொண்டை எல்லாம் எரியும், காத்து அடிக்கற பக்கம் முதுக காட்டி நில்லுங்க, மாஸ்க் கண்ணாடி கையுறை கண்டிப்பா வேணும், ஆஸ்துமா இருக்கறவங்க கிட்ட வரவே கூடாது.

புகை கிளம்பினதும் தாமதிக்காம ஈயத்த தொட்டு பஞ்சால வழிச்சு வழிச்சு பரப்புங்க, ஒரு இடம் விட்டுப்போச்சுன்னா திரும்ப கொஞ்சம் நவச்சாரம், திரும்ப ஈயம். ரொம்ப காய விட்டா ஈயமே கருத்துப்போகும், அப்பப்ப அடுப்புலேர்ந்து தூக்கிடணும். ஆறினதும் மூணு நாலு தடவை நல்லா கழுவுங்க, நவச்சாரம் தண்ணில சுலபமா கரைஞ்சுடும்.

சுண்ணாம்பு பக்கத்துல மட்டும் நவச்சாரத்த வைக்காதீங்க, ரெண்டும் சேர்ந்தா அமோனியா வாயு கிளம்பும், பிளீச்சிங் பவுடரோட சேர்ந்தா இன்னும் மோசமான வாயு வரும்.

பூசின பாத்திரத்த காலியா அடுப்புல வைக்காதீங்க, கம்பி நார் போட்டும் தேய்க்காதீங்க, தேங்காய் நாரே போதும். உள்ள எங்கயாவது மஞ்சள் எட்டிப் பாத்துச்சுன்னா திரும்ப பூச வேண்டியதுதான்.