பேக்கப்பில் ஃபைல்களின் உரிமையாளர் மாறுவது ஏன்? கிரானில் செய்யக்கூடாத தவறுகள்

பேக்கப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் எல்லாம் சரி. லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் ஃபைல்களின் உரிமையாளர் மாறிவிடுகிறார். உடனே ஸ்கிரிப்டைத் திருத்த உட்காராதீர்கள். அது எந்த யூசரின் பெயரில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டு, கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபைத் திறந்தால் வருவது முழு உரிமையுள்ள நிர்வாகியான ரூட்டின் பட்டியல், போடாவிட்டால் உங்களுடையது. ஸ்கிரிப்டின் முதல் வரிகளில், ஓட்டுவது யார் என்று காட்டும் 'ஐடி' கட்டளையைச் சேர்த்து லாகில் (பதிவு ஃபைலில்) விழ வைத்தால், மறுநாள் காலையில் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சாதாரண யூசராக ஓடும்போது ஏமாற்றுவது, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க். '-ஏ' ஆப்ஷன் கொடுத்தாலே உரிமையாளரும் அப்படியே வந்துவிடுவார் என்று பலர் நம்புகிறார்கள். எழுதும் பக்கத்தில் ரூட் உரிமை இல்லாவிட்டால் வரமாட்டார். பிழைச் செய்தியும் வராது. எல்லா ஃபைலும் பேக்கப் யூசரின் பெயருக்கு மாறியிருக்கும். ஃபைல்களை ஒரே ஆர்க்கைவாகக் கட்டும் டார் இந்த விஷயத்தில் தேவலாம். யார் ஓட்டினாலும் அசல் உரிமையாளரை ஆர்க்கைவுக்குள் குறித்துவைக்கும், பிரிக்கும்போது மட்டும் ரூட்டாக இருந்தால் போதும். படிக்க அனுமதியில்லாத ஃபைல்களை அது விட்டுவிடும், பிழையும் சொல்லும். அந்தச் செய்தியைத்தான் நாம் ஏற்கெனவே, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் '/டெவ்/நல்' பக்கம் தள்ளிவிட்டிருப்போமே! எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் உள்ள பென் டிரைவில் உரிமையாளரை எழுதிவைக்கவே இடம் கிடையாது. அங்கேயும் டார்தான் வழி.

அதிகம் பேர் சறுக்குவது எண்களில். டிஸ்க்கில் பதிவாகியிருப்பது யூசரின் பெயர் அல்ல, எண். டெபியன் லினக்ஸில் வெப் சர்வரின் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' யூசருக்கு எண் 33. ரெட்ஹாட் வகை லினக்ஸில் அதே வேலைக்கான 'அப்பாச்சி' யூசருக்கு 48. டார், ஆர்சிங்க் இரண்டுமே ரூட்டாக ஓடும்போது முதலில் பெயரைத்தான் பொருத்திப் பார்க்கும். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லைவ் சிடியில் பூட் செய்து ரீஸ்டோர் செய்தால் அந்த சிடியில் உள்ள யூசர் பட்டியலை வைத்துப் பொருத்தும், டேட்டாபேஸ் ஃபோல்டர் வேறு யாரோ ஒருவருக்குப் போய்விடும். அதே சிஸ்டத்தை அப்படியே மீட்பதானால் டாருக்கு '--நியூமெரிக்-ஓனர்', ஆர்சிங்குக்கு '--நியூமெரிக்-ஐடிஸ்' கொடுங்கள். எண்கள் வேறுபடும் வேறு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) மாறும்போது கொடுக்காதீர்கள். சரிபார்க்க, உரிமையாளரை எண்ணாகக் காட்டும் 'எல்எஸ் -எல்என்' போதும்: 33 வரவேண்டிய இடத்தில் 1000 (வழக்கமாகச் சாதாரண யூசரின் எண்) நின்றால் விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம், அவசரத்தில் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடுவது. ஹோம் ஃபோல்டரில் போட்டால், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உங்கள் சாவியையே ஏற்க மறுக்கும். '/வார்' ஃபோல்டர் முழுக்க, உள்ளிருக்கும் எல்லாவற்றின் உரிமையாளரையும் மாற்றும் 'சௌன் -ஆர்' அடிப்பது அதைவிட மோசம். மெயில், டேட்டாபேஸ், லாக் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர் இருக்கிற இடம் அது.

ரூட்டாக ஓட்டினால் இன்னொரு தொல்லை. புதிய ஃபைல்களுக்கு எந்த அனுமதிகளை மறுப்பது என்று சொல்வது யுமாஸ்க். வழக்கமான யுமாஸ்க் 022-இல் டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸின் நகல் ஃபைல்) 644 அனுமதியோடு எழுதப்படும். அதாவது, அந்த ஃபோல்டருக்குள் நுழைய முடிந்த யாரும் படிக்கலாம். ஸ்கிரிப்டின் ஆரம்பத்திலேயே, மற்றவர்களுக்கு எந்த அனுமதியும் தராத யுமாஸ்க் 077 என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.